விக்டரும் ஜாக்கும் ஒரே ஆளா? டிம் பர்ட்டன் படங்களின் நாய்க் கணக்கு

கேள்வி இதுதான்: ஹாலிவுட் இயக்குநர் டிம் பர்ட்டனின் மூன்று ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம்பிடிக்கும் முறை) பேய்ப் படங்களும் ஒரே பையன், ஒரே நாயின் தொடர்கதை என்று ரசிகர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா? அவர் முன்கூட்டியே திட்டம் போட்டு எடுத்தாரா?

வடபழனியில் நான் ஸ்டாப் மோஷன் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் ஒவ்வொரு செட்டிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன். கதையாகப் பார்த்தால் இந்தத் தியரி நிற்காது. ஆனால் ரசிகர்கள் ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு உளறவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது நிஜமான ஒன்றுதான், அதற்குச் சொல்லும் காரணம்தான் தப்பு.

தியரி தெரியாதவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஃபிராங்கன்வீனி' (2012) படத்தில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பள்ளிக்கூடப் பையன், காரில் அடிபட்டுச் செத்துப்போன தன் நாய் ஸ்பார்க்கியை மின்னலை வைத்து உயிர்ப்பிக்கிறான். 'கார்ப்ஸ் பிரைட்' (2005) படத்தில் விக்டர் வான் டார்ட் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞன், கல்யாண ஒத்திகையில் சொதப்பிவிட்டுக் காட்டுக்குள் போய்ப் பயிற்சி செய்யும்போது மோதிரத்தைத் தெரியாமல் எமிலி என்ற பெண்ணின் பிணத்தின் விரலில் மாட்டிவிடுகிறான். இறந்தவர்களின் உலகத்தில் அவனுடைய பழைய நாய் ஸ்கிராப்ஸ் எலும்புக்கூடாக ஓடிவந்து வாலாட்டுகிறது. 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' (1993) படத்தில் ஜாக் ஸ்கெலிங்டன் முழு எலும்புக்கூடு. அவனுடைய நாய் ஜீரோ வெறும் ஆவி, மூக்கு மட்டும் குட்டிப் பூசணிக்காய் மாதிரி எரியும். ஆக, பையன் வளர்ந்து இளைஞனாகி, செத்து, ஹாலோவீன் ஊரின் ராஜாவாகிறான். நாயும் சதை, எலும்பு, ஆவி என்று படிப்படியாகக் கரைந்தபடி கூடவே வருகிறது. படங்கள் வெளியான வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் கதை வரிசை கிடைத்துவிடும் என்பதுதான் இதில் எல்லோரையும் கவரும் இடம்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் சில விஷயங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. தான் செத்தவன் என்று ஜாக் தன் புலம்பல் பாட்டிலேயே சொல்கிறான். அப்படியானால் ஒரு காலத்தில் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அது யாராக என்று படம் சொல்வதில்லை. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று புரியாமல் ஜாக் அதை ஆராய்ச்சி செய்யும் காட்சி. ஹாலோவீன் ஊரின் விஞ்ஞானி டாக்டர் ஃபிங்கல்ஸ்டைனிடம் கருவிகளைக் கடன் வாங்கிவந்து, கரும்பலகையில் சமன்பாடு எழுதி, பொம்மைக் கரடியை அறுத்துப் பார்த்து, ஒரு பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியே நடத்துவான். ஒரு பேய் ராஜாவுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'அவன்தான் சின்ன வயதில் மாடியில் நாயை வைத்துப் பரிசோதனை செய்த விக்டர்' என்ற பதில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு மனவளர்ச்சி தெரிகிறது என்பதும் உண்மை. முதல் படத்தில் சாவை ஏற்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். இரண்டாவதில் செத்தவளிடமிருந்து விடைபெறக் கற்றுக்கொள்கிறான். மூன்றாவதில் செத்தவர்களோடு ஜாலியாகக் குடித்தனமே நடத்துகிறான். இதில் நாய் அவனைவிட ஒரு படி எப்போதும் முன்னால் போகிறது. இப்படிச் சொன்னால் யாருக்கும் பிடிக்கத்தான் செய்யும். எனக்கும் பிடிக்கும்.

சரி, இப்போது ஓட்டைகள்.

விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் வாழும் நியூ ஹாலந்தில் கார் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பையன் தானே சினிமா எடுத்து அப்பா அம்மாவுக்குப் போட்டுக் காட்டுகிறான். விக்டர் வான் டார்ட்டின் ஊரில் குதிரை வண்டியும் மெழுகுவர்த்தியும்தான். பையன் வளர வளர உலகம் நூறு வருஷம் பின்னால் போகுமா? பெற்றோரும் வேறு. வான் டார்ட் குடும்பம் மீன் வியாபாரத்தில் புதுப்பணம் பார்த்த குடும்பம், நியூ ஹாலந்தின் அப்பா அம்மாவோ சாதாரணப் புறநகர் நடுத்தர வர்க்கம். சிலர் இதைச் சமாளிக்க 'ஒரே வாழ்க்கை இல்லை, மறுபிறவி' என்று மாற்றிச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும், விட்டகுறை தொட்டகுறை என்று கேட்டே வளர்ந்தவர்கள் இல்லையா. மணிமேகலையில் உதயகுமாரன் போன பிறவியில் அவளுடைய கணவன் இராகுலன் என்று சாத்தனாரே கணக்குத் தீர்த்துவைக்கிறார். ஆனால் அந்தக் கணக்கில்கூட யாரும் பின்னோக்கிப் பிறப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டில் செத்தவன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து பிறப்பதற்கு எந்தச் சமயத்திலும் இடமில்லை.

நாயின் கதையும் இடிக்கிறது. ஸ்பார்க்கி கழுத்தில் இரண்டு போல்ட், உடம்பெல்லாம் தையல். ஸ்கிராப்ஸின் எலும்பில் அதற்கான தடயம் எதுவும் இல்லை. அதோடு படத்தின் முடிவில் ஸ்பார்க்கி பிழைத்துவிடுகிறது. ஊர்க்காரர்களே தங்கள் கார் பேட்டரிகளைச் சேர்த்து அதை எழுப்புகிறார்கள். அந்த முடிவின் அர்த்தமே இனி அது இங்கேதான் இருக்கும் என்பது. கார்ப்ஸ் பிரைடிலும் விக்டர் விஷம் குடிக்கப்போகும் கடைசி நொடியில் எமிலி தடுத்து, அவனை உயிரோடு, அவனுக்கு நிச்சயித்த பெண் விக்டோரியாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டாம்பூச்சிகளாகப் பறந்துபோகிறாள். இந்த இரண்டு முடிவுக்கும் பின்னால் 'அப்புறம் எல்லோரும் செத்துப்போனார்கள்' என்று ஒரு வரி சேர்த்தால்தான் தியரி நடக்கும். எனக்கு இதில் இருக்கும் உண்மையான மனத்தாங்கல் இதுதான்.

அப்புறம் ஒரு குறும்பான விஷயம். நைட்மேரில் ஜாக்கைக் காதலிக்கும் சாலிக்குக் குரல் கொடுத்தவர் கேத்தரின் ஓஹாரா. ஃபிராங்கன்வீனியில் விக்டரின் அம்மாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரேதான். குரலை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் கதை எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தியரி கட்டுவது எவ்வளவு சுலபம் என்று காட்ட வகுப்பில் நானே ஒன்று கட்டிக் காட்டுவதுண்டு. வான் டார்ட் என்பது டச்சுப் பெயர் சாயல் உள்ள குடும்பப் பெயர். ஃபிராங்கன்வீனியின் ஊர்ப் பெயர் நியூ ஹாலந்து, அங்கே டச்சு தினம் என்று ஒரு விழா கொண்டாடுகிறார்கள், குன்றின்மேல் காற்றாலைகூட இருக்கிறது. ஆகவே வான் டார்ட்டின் பேரப்பிள்ளைகள் கப்பலேறி அமெரிக்கா வந்து நியூ ஹாலந்தில் குடியேறினார்கள், சின்ன விக்டர் அந்த வம்சம். குதிரை வண்டிப் பிரச்சினையும் தீர்ந்தது, காலமும் நேராக ஓடுகிறது! மாணவர்கள் கைதட்டிவிடுவார்கள். உண்மையில் அந்தக் காற்றாலை ஏன் இருக்கிறது? 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் உச்சக்கட்டம் எரியும் காற்றாலையில் நடக்கிறது. பர்ட்டன் அதற்கு வணக்கம் வைக்கிறார். காற்றாலை வேண்டுமென்றால் அதற்கேற்ற ஊர் வேண்டும், டச்சு வேஷம் போட்ட ஊர் அதற்குத் தோதாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1984இல் இதே கதையைக் குறும்படமாக எடுத்தபோது டச்சு விழா எதுவும் இல்லை. அங்கே காற்றாலை ஒரு மினி கோல்ஃப் மைதானத்து அலங்காரம்.

விக்டர் என்ற பெயருக்கும் இதே பதில்தான். 2012 படத்தின் விக்டர் நேராக மேரி ஷெல்லியின் 1818 நாவலிலிருந்து வருகிறான். 2005 படத்தில் மாப்பிள்ளை விக்டர், பெண் விக்டோரியா, காலம் விக்டோரியா ராணி காலத்துச் சாயல். கேலியாக வைத்த ஜோடிப்பெயர் அது.

நம் ஊரில் இந்த மாதிரித் தியரிகளுக்கு இப்போது மவுசு கூடியிருப்பதற்கு லோகேஷ் கனகராஜும் ஒரு காரணம். 'கைதி' (2019) படத்து போலீஸ்காரர் பிஜாய் 'விக்ரம்' (2022) படத்தில் அதே பெயரோடு, அதே நரேன் முகத்தோடு வந்தார். 'லியோ' (2023) வந்த சமயத்தில் சென்னைத் தியேட்டர் வாசல்களில் கதையைப் பேசியவர்களைவிட 'கனெக்‌ஷன்' பேசியவர்கள்தான் அதிகம். ஆனால் அது இயக்குநரே திரைக்கதையில் எழுதிவைத்த இணைப்பு. பாத்திரத்தின் பெயர், நடிகர், முந்தைய சம்பவம் எல்லாம் வசனத்திலேயே வரும். பர்ட்டன் படங்களில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. இருக்கவும் முடியாது என்பேன். நைட்மேர் டிஸ்னியின் டச்ஸ்டோன் பெயரில் வந்தது, ஃபிராங்கன்வீனி டிஸ்னி, நடுவில் இருக்கும் கார்ப்ஸ் பிரைட் வார்னர் பிரதர்ஸ். இரண்டு போட்டிக் கம்பெனிகளின் சொத்தை ஒரே நாயின் கழுத்தில் கட்டி இழுப்பது ரசிகர்களால் மட்டுமே முடியும்.

அப்படியானால் ரசிகர்கள் பார்த்தது என்ன? இதற்குப் பதில் 1982இல் இருக்கிறது. பர்ட்டன் டிஸ்னியில் அனிமேட்டராக வேலை பார்த்த காலத்தில் 'வின்சென்ட்' என்று ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டாப் மோஷன் குறும்படம் எடுத்தார். ஆறு நிமிடம்தான். வின்சென்ட் மல்லாய் என்ற ஏழு வயதுப் பையன் தன்னைப் பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸாகவே கற்பனை செய்துகொள்கிறான், தன் நாய் ஆபர்கிராம்பியை நடைபிணமாக்கப் பரிசோதனை செய்கிறான். கதை சொல்லும் குரல் அந்த வின்சென்ட் பிரைஸே. ஒல்லிப் பையன், கலைந்த தலை, இருட்டு அறை, நாய், ஆராய்ச்சி என்று பின்னால் வந்த எல்லாமே அதில் இருக்கின்றன. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நைட்மேருக்கு மூலமான கவிதையையும் எழுதினார். 1984இல் ஃபிராங்கன்வீனி, நிஜ நடிகர்களையும் நிஜ நாயையும் வைத்து, கிட்டத்தட்ட அரை மணி நேரம். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று கருதி டிஸ்னி அதை ஓரங்கட்டியது, அவரும் கம்பெனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதே கம்பெனி 28 வருஷம் கழித்து அதை முழுநீளப் படமாக எடுக்கக் காசு கொடுத்தது என்பது தனிக் காமெடி. கலிஃபோர்னியாவின் பர்பேங்க்கில் சின்னப் பையனாக இருந்தபோது வளர்த்த பெப்பே என்ற நாய்தான் அந்தக் கதைக்கு விதை என்று பர்ட்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதாவது 1993, 2005, 2012 என்ற மூன்று வருஷங்களை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் திருப்புவதில் பயனில்லை. மூன்றில் இரண்டின் வேர் எண்பதுகளின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மயிலாப்பூர் வீடுகளில் கொலு வைக்கும்போது பரணிலிருந்து அதே செட்டியார் பொம்மையை இறக்கி ஒரு வருஷம் கடைத்தெருவிலும் அடுத்த வருஷம் கல்யாண வீட்டிலும் உட்காரவைப்பார்கள். பர்ட்டனிடமும் அப்படி ஒரு பையனும் ஒரு நாயும் இருக்கிறார்கள்.

இங்கே நான் கொஞ்சம் சண்டை போட வேண்டும். 'பர்ட்டன் படங்கள், பர்ட்டன் உலகம்' என்று பேசிப்பேசி, மூன்றையும் ஒரே ஆள் உட்கார்ந்து செதுக்கியது போல ஆக்கிவிட்டார்கள். நைட்மேரை இயக்கியவர் ஹென்றி செலிக். பர்ட்டன் அப்போது 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வேலையில் மூழ்கியிருந்தார். கதையும் பாத்திரங்களும் தயாரிப்பும் அவருடையவை, ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று வருஷம் போல உட்கார்ந்து படத்தை நகர்த்தியது செலிக்கின் குழு. கார்ப்ஸ் பிரைடைப் பர்ட்டனோடு சேர்ந்து இயக்கியவர் மைக் ஜான்சன். எழுத்தைப் பார்த்தால், கரோலைன் தாம்சன் நைட்மேரிலும் கார்ப்ஸ் பிரைடிலும் இருக்கிறார், ஜான் ஆகஸ்ட் கார்ப்ஸ் பிரைடிலும் ஃபிராங்கன்வீனியிலும் இருக்கிறார். மூன்றுக்கும் இசை டேனி எல்ஃப்மன். ஜாக்கின் பாடும் குரலும் அவர்தான், கார்ப்ஸ் பிரைடில் எமிலியின் கதையைப் பாட்டாகச் சொல்லும் எலும்புக்கூடு போன்ஜாங்கிள்ஸும் அவர்தான். மூன்று படமும் ஒரே உலகம் போலக் காதில் விழுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? லண்டனில் எடுத்த கடைசி இரண்டு படங்களுக்கும் முக்கியப் பொம்மைகளைச் செய்துகொடுத்தது மெக்கினன் அண்ட் சாண்டர்ஸ் என்ற ஒரே பட்டறை. தியரி எழுதுகிறவர்கள் இந்த ஆட்களின் பெயரைத் தொடர்ந்து போயிருந்தால் நாயைவிட நல்ல துப்பு கிடைத்திருக்கும்.

ஜாக்கும் விக்டரும் ஒரே சாயலில் இருப்பதற்குப் பட்டறைக் காரணமும் உண்டு. பெரிய தலை, பென்சில் கை கால் என்றால் தூரத்து ஷாட்டிலும் நிழலுருவத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். ஜாக்குக்குக் கண்விழியே கிடையாது, வெறும் குழி. அதனால் உணர்ச்சி முழுவதும் வாயிலும் குழியின் வடிவத்திலும் வர வேண்டும். அவனுக்காக நானூறு தலைகள் வரை செய்துவைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் கழற்றி மாட்டினார்கள். கார்ப்ஸ் பிரைடில் முறை மாறிவிட்டது. தலைக்குள்ளேயே கடிகாரம் போலப் பல்சக்கரம் வைத்து, காதுக்குள் சாவி விட்டுத் திருகினால் உதடும் கன்னமும் நகரும். விக்டர் வான் டார்ட்டின் முகபாவம் ஜாக்கைவிட அடக்கமாக இருப்பதற்கு 'உயிரோடு இருந்தபோது அவன் கூச்சப்பட்டான்' என்று ஒரு விளக்கம் படித்தேன். சக்கரத்தைத் திருகினால் முகம் அவ்வளவுதான் நகரும், ஐயா.

இந்த வேலை எவ்வளவு மெதுவானது என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். சென்னையில் மே மாதம் க்ளே பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஏசி நின்ற கொஞ்ச நேரத்தில் மூக்கு சரியத் தொடங்கும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் படத்தில் வெளிச்சம் மினுக் மினுக்கென்று அடிக்கும், ஜன்னலை அட்டை வைத்து மூடாவிட்டால் வெயில் நகர்வதும் பதிவாகிவிடும். நைட்மேர் குழுவுக்கே ஒரு வாரம் முழுக்க உழைத்தால் ஒரு நிமிடம் அளவுக்குத்தான் படம் தேறியது. அப்படி எடுக்கிறவர்கள் சின்னச்சின்ன விளையாட்டுகளைப் படத்துக்குள் ஒளித்துவைப்பது இயல்பு. செலிக் 1996இல் இயக்கிய 'ஜேம்ஸ் அண்ட் தி ஜயன்ட் பீச்' படத்தில் கடலடியில் வரும் கொள்ளைக்காரக் கேப்டன் அச்சு அசல் ஜாக். 2009இல் வந்த 'கோரலைன்' படத்தில் உடைத்து ஊற்றும் முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு கணம் ஜாக்கின் முகம் தெரியும். இவை செலிக் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கையெழுத்து. கோரலைனையும் பர்ட்டன் கணக்கில் எழுதி 'நாலாவது பாகம்' என்கிறவர்கள் பாதிப்பேர் இந்த முட்டையைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்தப் படம் நீல் கெய்மனின் நாவல், லைக்கா (Laika) என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம், இயக்கம் செலிக். பர்ட்டனுக்கு அதில் வேலையே இல்லை.

நாய்க்குத் திரும்பி வருகிறேன். மூன்று நாயகர்களும் வாய்விட்டுப் பேசத் தெரியாத தனிக்கட்டைகள். அப்படிப்பட்டவனை வைத்துப் படம் எடுத்தால், அவன் மனதில் இருப்பதை வெளியே கொண்டுவர யாராவது பக்கத்தில் வேண்டும். மனிதத் துணையைப் போட்டால் அவன் தனிமை போய்விடும். நாயைப் போட்டால் தனிமையும் இருக்கும், பேச்சும் வரும். ஆனால் மூன்று நாய்களுக்கும் திரைக்கதையில் வேலை வேறு வேறு. ஸ்பார்க்கிதான் அந்தக் கதையே. ஸ்கிராப்ஸ் ஒரு சமாதானப் பரிசு, எமிலி அதைப் பெட்டியில் எலும்பாகக் கொடுத்து விக்டரைச் சிரிக்கவைக்கிறாள். அதன் பிறகு அதற்குப் பெரிய வேலை இல்லை. ஜீரோவோ பனிமூட்டத்தில் வண்டிக்கு முன்னால் மூக்கு வெளிச்சத்தோடு போகும் வழிகாட்டி, கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு மூக்குக் கலைமானைக் கேலி செய்யும் உருவம். ஒரே நாயாக இருந்தால் ஏதாவது ஒரு இடத்தில் பழைய நினைவோ பழைய பழக்கமோ தலைகாட்டியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

எமிலிதான் சாலியாக மறுபடி வந்தாள் என்ற கிளைத் தியரியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். இருவர் உடம்பும் பிய்ந்து பிய்ந்து ஒட்டுவதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. சாலியைத் துணியும் காய்ந்த இலையும் வைத்துத் தைத்தவர் டாக்டர் ஃபிங்கல்ஸ்டைன், எமிலியின் கதை மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த விரலில் மோதிரம் மாட்டிய மாப்பிள்ளையைப் பற்றிய ஒரு யூத நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது.

பார்க்கப்போகிறவர்களுக்கு: தியரி வரிசை வேண்டாம். வின்சென்ட்டை முதலில் பாருங்கள், அப்புறம் 1984 குறும்படம், அதன்பின் நைட்மேர், கார்ப்ஸ் பிரைட், கடைசியாக 2012 ஃபிராங்கன்வீனி.